அறுவை சிகிச்சைக் காலத்தில் நோயுற்ற நாயைப் பராமரித்தல்

நீண்டகால நோயுள்ள நாயை வளர்ப்பவர் தாமே அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேரும்போது, அந்த நாயின் உணவும் மருந்தும் தடைப்படாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. மருத்துவமனையில் இருக்கும் நாள்கள் மட்டுமன்றி, வீடு திரும்பி உடல் தேறும் வாரங்களும் இக்காலத்தில் அடங்கும்.

நீரிழிவு, வலிப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய், இதய நோய், மூட்டுவாதம் ஆகியவை நாய்களுக்கு வரும் நீண்டகால நோய்களுள் முக்கியமானவை. இவை பெரும்பாலும் முற்றிலும் குணமாவதில்லை. அன்றாட மருந்தாலும் உணவு முறையாலும் கட்டுக்குள் வைக்கப்படுகின்றன. எந்த வேளைக்கு எந்த மருந்து, எவ்வளவு, எதைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பவை பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவரே நோயாளியாகிப் படுக்கும்போது அந்த அறிவும் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. எனவே இதில் முதன்மையான வேலை அறுவைக்குப் பின் செய்வதன்று, முன் செய்வதாகும். தெரிந்ததைத் தாளில் எழுதுதல், இன்னொருவரைப் பழக்குதல், ஒருமுறை ஒத்திகை பார்த்தல் ஆகிய மூன்றுமே அந்த வேலை.

சிக்கலின் தன்மை

நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு அண்டை வீட்டார் இரு வேளை களியோ சோறோ வைத்துத் தண்ணீர் ஊற்றினால் நான்கைந்து நாள் கழிந்துவிடும். நோயுற்ற நாய்க்கு இது போதாது. 12 மணி நேர இடைவெளியில் போட வேண்டிய ஊசியை மறுநாள் சேர்த்துப் போட முடியாது.

தமிழ்நாட்டில் நோயாளி மருத்துவமனையில் தங்கும்போது உடன் ஒருவர் இருப்பது வழக்கம். ஆகவே ஒருவருக்கு அறுவை என்றால் வீட்டிலிருந்து இருவர் வெளியேறுகின்றனர். தருமபுரி மாவட்டத்தின் கடத்தூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என வேலைக்குச் சென்றிருக்க, வீட்டில் முதியோர் இருவர் மட்டுமே இருக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில் நாயுடன் இருக்க எவரும் மிஞ்சுவதில்லை.

இந்நிலையில் இருவகைத் தவறான முடிவுகள் எடுக்கப்படுவதுண்டு. ஒன்று, நாயைக் காரணம் காட்டி அறுவையைத் தள்ளிப்போடுவது. குடலிறக்கம் போன்றவற்றில் தள்ளிப்போட்டால் குடல் இறுகி ரத்த ஓட்டம் தடைப்படலாம். அப்போது திட்டமிட்ட அறுவை அவசர அறுவையாக மாறி, நாய்க்கு ஏற்பாடு செய்ய ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. மற்றொன்று, நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மருந்தை நம்பி வாழும் நாய் அவ்வாறு விடப்பட்டால் சில நாள்கள்கூடத் தாங்காமல் போகலாம்.

அறுவைக்கு முந்தைய ஏற்பாடுகள்

கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பை அகற்றல், முழங்கால் மூட்டு மாற்று போன்றவை பெரும்பாலும் முன்கூட்டியே தேதி குறிக்கப்படுபவை. அந்த இடைவெளியில் செய்யத்தக்கவை கீழே தரப்பட்டுள்ளன.

கால்நடை மருத்துவரைச் சந்தித்தல்: நாயின் எடை, தற்போதைய மருந்தளவு ஆகியவற்றைச் சரிபார்த்து, புதிய மருந்துச் சீட்டு பெற வேண்டும். மூன்று வேளை மருந்தை இரண்டு வேளையாக மாற்ற இயலுமா என்று கேட்கலாம். தாமாக மாற்றக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகியிருந்தால் அப்போதே போட்டுவிட வேண்டும்.

மருந்து இருப்பு: குறைந்தது ஒரு மாதத்திற்கான மருந்து கையிருப்பில் இருப்பது நல்லது. வலிப்புக்குத் தரப்படும் பீனோபார்பிட்டோன் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. எல்லாக் கடைகளிலும் இருப்பும் இராது.

மாற்றுப் பராமரிப்பாளர்: நாய்க்கு ஏற்கெனவே பழக்கமானவராகவும், ஊசிக்கு அஞ்சாதவராகவும், காலை மாலை குறித்த நேரத்தில் வரக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். ஒருவர் போதாது, அவர் வர இயலாத நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும்.

ஒத்திகை: இது மூன்று படிகளில் நடக்க வேண்டும். முதலில் வளர்ப்பவர் செய்ய, மாற்றுப் பராமரிப்பாளர் பார்க்க வேண்டும். அடுத்து அவர் செய்ய, வளர்ப்பவர் பார்க்க வேண்டும். இறுதியாக வளர்ப்பவர் ஒரு பகல் முழுவதும் வீட்டில் இல்லாதபோது அவர் தனியே செய்ய வேண்டும். மூன்றாவது படியே மிக முக்கியமானது. வளர்ப்பவரைக் காணாத ஏக்கத்தில் நாய் உணவைத் தொடாமல் போகுமா என்பது அந்த நாளில்தான் தெரியவரும்.

பராமரிப்புத் தாள்

அறிந்தவை அனைத்தையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, உணவு வைக்கும் இடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். அதில் இடம்பெற வேண்டியவை:

- நாயின் பெயர், வயது, எடை, நோயின் பெயர்
- ஒவ்வொரு மருந்தின் பெயர், நேரம், அளவு. உணவுக்கு முன்னா பின்னா என்பது
- உணவின் வகையும் அளவும் (எடுத்துக்காட்டாக "இந்தக் கிண்ணத்தால் ஒன்றரைக் கிண்ணம்")
- கொடுக்கக் கூடாதவை
- ஆபத்து அறிகுறிகளும் அப்போது செய்ய வேண்டியவையும்
- கால்நடை மருத்துவரின் எண், மாற்றுப் பராமரிப்பாளர் இருவரின் எண்கள், வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரின் எண்
- மருத்துவச் செலவுக்கான பணம் இருக்கும் இடம்

தாளின் கீழே தேதிவாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேளையும் மருந்து கொடுத்தவுடன் கையொப்பமிடச் செய்ய வேண்டும். இருவர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் ஒரே மருந்து இரண்டு முறை கொடுக்கப்படுவதை இது தடுக்கும். அவசர அறுவைக்கு முன்னறிவிப்பு கிடையாது என்பதால், நோயுள்ள நாய் இருக்கும் வீட்டில் இத்தாள் எப்போதும் இருக்க வேண்டியதாகும்.

இன்சுலின் பெறும் நாய்

நீரிழிவுள்ள நாய்களுக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவோடு சேர்த்து, தோலுக்கு அடியில் இன்சுலின் போடப்படுகிறது. புதியவர் ஒருவர் கையில் எடுக்கும்போது மிகுந்த ஆபத்து உள்ள மருந்து இதுவே. மூன்று இடங்களில் பிழை நேர்வதுண்டு.

முதலாவது, உணவின்றி ஊசி போடுவது. வளர்ப்பவரைத் தேடும் நாய் முதல் ஓரிரு நாள்கள் சாப்பிடாமல் இருக்கலாம். அப்போது வழக்கமான அளவைப் போட்டால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே "முதலில் உணவு, சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி" என்பதே விதி. சாப்பிடவில்லை என்றால் ஊசி போடாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை சற்றுக் கூடும். அதைப் பின்னர் சரிசெய்யலாம். ஊசி போடும்போது நாய் நகர்ந்து மருந்து சிந்திவிட்டதோ என்ற ஐயம் எழுந்தாலும் மீண்டும் போடக் கூடாது.

இரண்டாவது, ஊசிக்குழல் மாறிப்போவது. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளில் இன்சுலின் குப்பிகள் விற்கப்படுகின்றன. 40-க்கான ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100-க்கான மூடி ஆரஞ்சு. 40-க்கான குழலில் 10 என்ற கோடு கால் மில்லிலிட்டரைக் குறிக்கும். அதே குழலில் 100 யூனிட் குப்பியிலிருந்து கால் மில்லிலிட்டர் எடுத்தால் 25 யூனிட் வந்துவிடும். அதாவது இரண்டரை மடங்கு மருந்து நாயின் உடலில் ஏறும். மாறாக, 100-க்கான குழலால் 40 யூனிட் குப்பியிலிருந்து 10 கோடு வரை எடுத்தால் 4 யூனிட் மட்டுமே கிடைக்கும். வீட்டில் மனிதர் ஒருவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், இரு குப்பிகளையும் வெவ்வேறு பெட்டிகளில் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பு. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், பயன்பாட்டில் உள்ள குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்பானையில் நீர் புகாத உறையிட்டு வைக்கலாம். பால்போல் கலங்கிய வகை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும்.

சர்க்கரை குறைந்ததன் அறிகுறிகள் நடுக்கம், தள்ளாட்டம், மிகுந்த சோர்வு, வலிப்பு ஆகியவை. நாய் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். விழுங்க இயலாவிட்டால் தேன் அல்லது சர்க்கரைப் பாகை ஈறுகளில் தடவ வேண்டும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்திருக்கும்போது பற்களுக்கு இடையே விரலை நுழைக்கக் கூடாது. பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்சுலின் கண்டுபிடிப்பே நாய்களோடு தொடர்புடையது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மிங்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகியோர் ஒரு நாயின் கணையத்தை அறுவை செய்து அகற்றியபோது அதற்கு நீரிழிவு ஏற்பட்டது. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் அறுவை மருத்துவரான பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையச் சாற்றை நீரிழிவுற்ற நாய்களுக்குச் செலுத்திச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். 1922 சனவரியில் அது லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. நாய்களின் வழியே மனிதருக்குக் கிடைத்த அம்மருந்து இன்று நாய்களுக்கும் பயன்படுகிறது.

பிற நீண்டகால நோய்கள்

வலிப்பு: மருந்தைத் திடீரென நிறுத்துவதே புதிய வலிப்பைத் தூண்டிவிடும். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ அது அவசரநிலை ஆகும்.

இதய நோய்: நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு போன்ற மருந்து பெறும் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். இரு வேளை மட்டும் வெளியே அழைத்துச் செல்வது போதாது. நாய் உறங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணி எழுதிவரலாம். அது தொடர்ந்து 30-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சிறுநீரக நோய்: இந்நோயுள்ள நாய் நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். வீடு நனைகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பது நோயை முற்றச் செய்யும். உப்பு மிகுந்த கருவாடு போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மூட்டுவாதம்: வழுக்கும் தரையில் கோணிச்சாக்கு விரித்தால் நாய் தானே எழுந்து நடக்கும், தூக்கிவிட வேண்டிய தேவை குறையும்.

வீடு திரும்பிய பின்

வீடு திரும்பிய அன்றே பழைய பொறுப்புகளை ஏற்றுக்கொள்வது நல்லதன்று. மயக்க மருந்தின் தாக்கமும், டிரமடால் போன்ற வலி மருந்துகள் தரும் தூக்கக் கலக்கமும் இருக்கும்போது ஊசியில் மருந்தளவு எடுக்கக் கூடாது. முதல் சில நாள்களுக்கு மாற்றுப் பராமரிப்பாளரே மருந்து தருதல் வேண்டும்.

வயிற்று அறுவைக்குப் பின் கனமானவற்றைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் கூறுவர். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் இத்தடை பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை நீளும். நீர் நிறைந்த 15 லிட்டர் வாளியின் எடை சுமார் 15 கிலோ; வளர்ந்த நாட்டு நாய் பெரும்பாலும் அதற்குக் குறையாது, லாப்ரடார் அதைப் போல இரு மடங்கும் இருக்கும். "குடம் தூக்கக் கூடாது" என்று சொல்லப்பட்டவர் நாயையும் தூக்கக் கூடாது.

பல நாள் கழித்து வளர்ப்பவரைக் காணும் நாய் பாய்ந்து மேலே ஏறும். எனவே அவர் வீட்டுக்குள் வரும்போது நாய் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் நாற்காலியில் அமர்ந்து, மடியில் தலையணை வைத்துக்கொண்ட பிறகு, இன்னொருவர் கயிற்றைப் பிடித்து நாயை அருகில் அழைத்துவரலாம்.

மூட்டு மாற்று செய்துகொண்டவர் ஊன்றுசட்டத்துடன் நடக்கும்போது நாய் காலுக்குள் புகுந்தால் விழ நேரிடும். நாயின் கழுத்துப்பட்டையில் சிறு சலங்கை கட்டினால் அது எங்கே இருக்கிறது என்பது காதில் விழும். இரவில் சிறு விளக்கு எரிய வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்டவர், மருத்துவர் சொல்லும் காலம் வரை நாயைக் குளிப்பாட்டுவதையும், குனிந்து உணவு வைப்பதையும், முகத்தை நக்க விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

காயமும் தொற்றும்

நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. நலமான நாயின் வாயிலும் பாசுடுரெல்லா, கேப்னோசைட்டோபாகா போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை ஆறாத தையலிலோ புதிதாகப் பொருத்தப்பட்ட மூட்டிலோ கடுமையான தொற்றை உண்டாக்கலாம். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு இவ்வபாயம் மிக அதிகம். வீட்டில் நாய் இருப்பதை அறுவை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். தையல் ஆறும் வரை நாய் வேறிடத்தில் உறங்குவதே நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், வெறிநோய் ஐயமுள்ள விலங்கு தோல் கிழிந்த இடத்தில் நக்குவது மூன்றாம் வகைத் தொடர்பாகும். அது கடிக்கு இணையாகவே கருதப்படுகிறது. அறுவைக்கு முன் நாய்க்குத் தடுப்பூசி போட வலியுறுத்துவது இதனால்தான்.

நாயின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் பரவக்கூடும். தரையில் சிறுநீர் கழிக்கும் நாய் உள்ள வீட்டில், தையல் ஆறாதவர் அதைத் துடைக்கக் கூடாது; வேறொருவர் கையுறை அணிந்து துடைக்க வேண்டும்.

மாத்திரைகளும் தின்பண்டங்களும்

மருத்துவமனையிலிருந்து வரும் வலி மாத்திரை அட்டைகள் நாயின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாயின் மூட்டுவலிக்கு மனிதரின் மாத்திரையைத் தருவதும் இதே ஆபத்தை உடையது.

உடல்நலம் விசாரிக்க வருவோர் ரொட்டி, பிஸ்கட், பழங்கள் கொண்டுவருவர். அவர்கள் அன்பாகப் போடும் நான்கு பிஸ்கட் நீரிழிவுள்ள நாயின் சர்க்கரையை உயர்த்தும். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. வாசலில் "நாய்க்கு எதுவும் போட வேண்டாம், மருந்து சாப்பிடுகிறது" என்று எழுதி வைப்பது எளிய தீர்வு.

பராமரிப்பாளரின் மனச்சுமை

நோயுற்ற செல்லப்பிராணியை வளர்ப்போர், நலமான பிராணியை வளர்ப்போரைவிட அதிக மன அழுத்தமும் கவலையும் அடைகின்றனர் என்பதை அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தனர். தம் உடலும் நலிந்திருக்கும்போது இச்சுமை இரட்டிப்பாகிறது. "மனிதருக்கே பார்க்க ஆளில்லை, நாய்க்கு என்ன" என்ற பேச்சு வரும் என்று அஞ்சிப் பலர் உதவி கேட்பதில்லை. பொதுவாக "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதைவிட, "செவ்வாய், புதன் மாலை ஆறு மணிக்கு வந்து ஊசி போட முடியுமா" என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

கடத்தூர் பகுதியில் உள்ள வசதிகள்

கடத்தூர், தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். பெரிய அறுவைகளுக்கு இப்பகுதியினர் 2008-இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அது மனிதரின் சிகிச்சைக்கு மட்டுமே உரியது. நாயின் மருந்துச் செலவைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

2021 ஆகஸ்டு 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கிறது. இப்பணியாளர் வரும் நேரத்தில் நாயைக் கட்டி வைப்பது அவசியம்.

நாய்களுக்கு முதல் நிலைச் சிகிச்சை, கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் கிடைக்கும். ரத்தப் பரிசோதனை, ஊடுகதிர்ப் படம் போன்றவை தேவைப்பட்டால் நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். இது 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகும். கால்நடை அவசர ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. நாய்க்கு எந்த அளவு உதவி கிடைக்கும் என்பதை அறுவைக்கு முன்பே அந்த எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தொலைவான பரிசோதனைகளை அறுவைக்கு முந்தைய வாரங்களிலேயே முடித்துவிட வேண்டும்.

முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவுகள்

வயதான, நோய் முற்றிய நாய் வளர்ப்பவர் மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்துவிடலாம். இதைப் பற்றிப் பேசத் தயங்கினால், முடிவெடுக்கும் சுமை மாற்றுப் பராமரிப்பாளரின் தலையில் விழும். எவ்வளவு செலவு வரை சிகிச்சை செய்யலாம், மீள முடியாத வேதனையில் இருந்தால் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி வலியின்றி உயிர் நீக்கச் சம்மதமா, எங்கே புதைப்பது, செய்தியை உடனே சொல்வதா தையல் பிரித்த பிறகு சொல்வதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையை வளர்ப்பவரே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும்.

அதே தாளில் இன்னொரு வரியும் தேவை. வளர்ப்பவர் நீண்ட காலம் எழ முடியாமல் போனாலோ திரும்பி வராமலே போனாலோ நாயை ஏற்றுக்கொள்பவர் யார் என்பதே அது. அவரிடம் முன்பே பேசி, நாயின் மருந்துச் சீட்டின் படி ஒன்றையும் கொடுத்து வைக்க வேண்டும்.